பைபாஸுக்குப் பிறகு முதுகு வலி: எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

கேள்வி (வில்லிவாக்கம் வாசகர்), ஏப்ரல் 8
அப்பாவுக்கு 66 வயது. பைபாஸ் ஆகி மூன்று வாரம் ஆகிறது. நெஞ்சுக் காயத்தில் வலி குறைந்துவிட்டது. ஆனால் கழுத்து, முதுகு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தாங்க முடியாத வலி. ராத்திரி தூக்கமே இல்லை. எங்கள் தெருவில் சுளுக்கு எடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு மணி நேரம் எண்ணெய் போட்டு நீவினால் விட்டுவிடும் என்கிறார். அம்மாவும் கூப்பிடச் சொல்கிறார். டாக்டர் 'டோலோ போடுங்க' என்பதோடு முடித்துவிட்டார். மசாஜ் செய்யலாமா, கூடாதா?

ஏப்ரல் 8, இரவு
அந்தப் பெரியவரை இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். மசாஜே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவுக்குப் போன வருடம் இதே ஆபரேஷன், இதே இடத்தில் இதே வலி. மாத்திரையைவிட அவருக்கு நிம்மதி கொடுத்தது கை வைத்து நீவியதுதான். ஆனால் யார் செய்வது, எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம், எப்படி உட்கார வைப்பது என்ற நாலும் சரியாக இருக்க வேண்டும்.

அவசரமாக ஒன்று மட்டும். கவிழ்ந்து படுக்க வைக்கவே கூடாது. சுளுக்கு எடுக்கிறவர்கள் வந்ததும் சொல்வதே 'குப்புறப் படுங்க' என்பதுதான். மூன்று வாரத்தில் நெஞ்செலும்பு கூடியிருக்காது. மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, காலை
நெஞ்சை அறுத்தால் முதுகு ஏன் வலிக்கிறது என்று வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. எங்கள் வீட்டிலும் 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிப் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவர் அட்டையில் படம் போட்டு விளக்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

நெஞ்சின் நடு எலும்பை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் அறுத்து, இரண்டு பக்கமும் ஒரு இரும்புக் கருவியால் விரித்துப் பிடித்து வைக்கிறார்கள். ஆபரேஷன் முடியும்வரை, மணிக்கணக்கில் அது அப்படியே இருக்கும். விலா எலும்புகள் பின்னால் முதுகெலும்போடு சேர்கிற இடங்கள் அத்தனையும் அவ்வளவு நேரமும் இழுபட்டு நிற்கின்றன. கழுத்துக்கும் தோளுக்கும் போகிற தசைகளும் அப்படியே. முடிந்ததும் எலும்பைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அது ஓரளவு கூடுவதற்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழு பலம் வர மூன்று மாதம்வரைகூட ஆகலாம்.

அதற்கு மேல் நாமே சேர்த்துக்கொள்கிற வலி ஒன்று உண்டு. காயத்துக்குப் பயந்து தோளை முன்னால் குவித்து, கூன் போட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்காருகிறோம். அம்மாவின் தோள் இரண்டும் காதைத் தொடுகிற உயரத்தில் இருந்தன. போதாததற்கு ராத்திரி முழுக்க மல்லாந்தே படுக்க வேண்டும். முதுகு கல்லாக இறுகாமல் என்ன செய்யும்?

மசாஜ் வேலை செய்வது இந்த இறுக்கத்தில்தான். வெட்டின காயத்தின் வலிக்கும் எலும்பின் வலிக்கும் அதில் மருந்து இல்லை. அங்கே கையே போகக் கூடாது.

ஏப்ரல் 9, மதியம்
டாக்டரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஓபியில் வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவரிடம் முதுகு வலியைப் பற்றி நாலு வார்த்தைக்கு மேல் கிடைக்காது. கேட்க வேண்டிய ஆள் வேறு. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்களே, அந்த பிசியோதெரபி பிரிவுக்கே போங்கள். 'மசாஜ் செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். 'உட்கார்ந்தபடி, தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத் தண்டுக்கும் நடுவில் லேசாக நீவி விடலாமா, எப்படி என்று செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். அம்மா விஷயத்தில் இப்படிக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பந்துக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வார்டில் பாதிப் பேர் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உங்கள் அப்பா எப்படிச் செய்கிறார் என்று ஒரு முறை பாருங்கள்.

ஏப்ரல் 10
எப்படிச் செய்தோம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே, கை வைக்காத நாற்காலி. மேசை மேல் இரண்டு தலையணை. அம்மா மேசையைப் பார்த்து உட்கார்ந்து, முன்கைகளைத் தலையணையில் போட்டு, நெற்றியை அதன் மேல் சாய்த்துக்கொள்வார். நெஞ்சு எதன் மேலும் அழுந்தக் கூடாது. மேசை விளிம்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். சாய்ந்து உட்காரவே முடியாத நாட்களில் சும்மா நிமிர்ந்து உட்காரச் சொல்லித் தோளை மட்டும் நீவி விட்டேன்.

உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டு முதலில் சும்மா முதுகில் வைத்திருப்பேன். அம்மா மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்குவது கையில் தெரியும். அப்புறம் கழுத்தடியிலிருந்து தோள் நுனிவரை மெதுவாகத் தள்ளுவது. அடுத்து, தோள்பட்டை எலும்பின் உள் ஓரமாக மேலிருந்து கீழே. இடது பக்கம் அந்த ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. தொட்டாலே 'ஸ்ஸ்' என்பார். அதைக் கட்டை விரலால் அமுக்கி உடைக்க எனக்கும் கை துறுதுறுத்தது. பிசியோ பெண் திட்டமாகச் சொல்லியிருந்தார்: 'அமுக்காதீங்க, மேலே விரலை வெச்சுக்கிட்டு அவங்க மூச்சு விடறவரைக்கும் காத்திருங்க.' அப்படியே செய்தேன். சில மூச்சுக்குப் பிறகு விரலடியில் தசை தானாக இளகும்.

கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற அழுத்தம்தான், அதற்கு மேல் வேண்டாம். கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். முதுகுத் தண்டின் மேல் நேராக அழுத்துவது, தட்டுவது, கழுத்தைச் சொடுக்குவது, கையைப் பின்னால் இழுப்பது, எதுவும் கிடையாது. சாயங்கால வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் தொடங்குவோம். முதல் நாள் முடிந்ததும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய்ப் படுத்துக் காலை பால்காரர் வரும்வரை தூங்கினார்.

இன்னொன்று. வலி குறைந்த இடைவெளியில்தான் அம்மாவால் நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற முடிந்தது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியாவில் கொண்டுவிடும். நீவி முடித்ததும் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொல்வேன், அப்புறம் பந்துக் கருவி. இந்த வரிசையை யாரும் சொல்லித் தரவில்லை, எங்களுக்குத் தானாக அமைந்தது. உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.

ஏப்ரல் 12
எண்ணெய் போதும், பாம் வேண்டாமா என்று ஒரு கேள்வி. கட்டாயம் பேச வேண்டிய விஷயம்.

பைபாஸ் ஆன கிட்டத்தட்ட எல்லோருமே ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், பெரும்பாலும் அதோடு குளோபிடோக்ரெலும் சாப்பிடுவார்கள். இதய வால்வு மாற்றியவர்களுக்கு அதே வேலையைச் செய்கிற அசிட்ரோம் அல்லது வார்ஃபரின். இவை இருக்கும்போது அழுத்தி நீவினால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒருவர் வால்வு ஆபரேஷன் ஆனவர், ஒரு மசாஜ் நிலையத்தில் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லாமலே படுத்துவிட்டார். மறுநாள் தொடை முழுக்க கத்தரிக்காய் நிறம். அங்கேயும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாம், வலி ஜெல் விஷயம் இன்னும் கவனம். கடையில் கிடைக்கிற பல வலி ஜெல்களில் டைக்ளோஃபினாக், மெத்தில் சாலிசிலேட் இரண்டும் இருக்கும். மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரின் வகை மருந்தின் வேகத்தைக் கூட்டும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற டெஸ்ட் அளவு) ஏறும். முதுகு முழுக்கத் தினமும் தேய்த்தால் சின்ன விஷயம் இல்லை. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகளை பைபாஸ் சமயத்து வலிக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் எச்சரிக்கையே இருக்கிறது. ஜெல்லில் ரத்தத்துக்குப் போகிற அளவு குறைவுதான். ஆனாலும் கேட்காமல் தடவ வேண்டாம். டப்பாவின் பின்னால் இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள். அந்த டோலோவை உங்கள் டாக்டர் சும்மா எழுதவில்லை. அது பாராசிட்டமால், அதில் இந்தச் சிக்கல்கள் குறைவு.

ஏப்ரல் 13
'இதெல்லாம் பாட்டி வைத்தியம், ஆதாரம் இருக்கா?' என்று ஒருவர். நியாயமான கேள்வி, தேடிப் படித்தேன்.

2010ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதய ஆபரேஷன் ஆன 113 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மசாஜ், மறு பாதிக்கு அதே நேரத்துக்கு அமைதியான ஓய்வு. மசாஜ் கிடைத்தவர்களுக்கு வலி, பதற்றம், தசை இறுக்கம் மூன்றும் குறைந்தன. 2012ல் மெல்போர்னின் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் 152 பேர். அங்கேயும் அதே மாதிரி முடிவு. ஆனால் 2009ல் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 252 பேரை வைத்துச் செய்ததில் வழக்கமான கவனிப்புக்கும் மசாஜுக்கும் வலியிலோ மனநிலையிலோ சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. மூன்றிலும் பெரியது அதுதான்.

நான் இதை இப்படிப் பார்க்கிறேன். மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து மறைக்கலாம். கை வைத்ததை யாரிடமும் மறைக்க முடியாது. அதனால் எவ்வளவு மசாஜ், எவ்வளவு மனசு என்று பிரிப்பது கஷ்டம். எனக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை. ஐசியூவில் ஊசியும் டியூபும் மட்டுமே உடம்பைத் தொட்ட ஒருத்திக்கு, வலிக்காத கை ஒன்று படுகிறது. அம்மா அழுதது அன்றைக்குத்தான்.

ஆனால் இதயத்தைச் சீக்கிரம் ஆற்றும், அடைப்பைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்புங்கள்.

ஏப்ரல் 14
புத்தாண்டு. காலையிலிருந்து சொந்தக்காரர்கள். மாங்காய்ப் பச்சடியோடு ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியப்பா மட்டும் பெருமையாக ஒன்று சொன்னார்: நாட்டின் முதல் பைபாஸ் ஆபரேஷன் நடந்ததே நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான், 1975ல், டாக்டர் கே.எம். செரியன் கையால். உண்மைதான். அரை நூற்றாண்டாக இந்த ஊரில் நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு முதுகை என்ன செய்வது என்பதை மட்டும் இன்னமும் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

ஏப்ரல் 17
சித்தாவைப் பற்றிக் கேட்டவருக்கு. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. சித்தாவின் மசாஜ் முறையான தொக்கணத்தில் ஒன்பது வகை சொல்வார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்துவிட்டு, கம்பி கட்டிய நெஞ்செலும்பை நினைத்துப் பாருங்கள். முறுக்கல், இழுத்தல், தட்டல் எல்லாம் இந்த உடம்புக்கு இப்போது ஆகாது. வர்மப் புள்ளி அழுத்துவதும் அப்படியே. மூன்று மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் போவதானால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவமனை என்று படித்த மருத்துவர்கள் இருக்கிற இடமாகப் போங்கள், டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கையில் எடுத்துப் போங்கள், இதய டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேண்டும் என்று அம்மா அடம் பிடித்தார். தலைக்கு நான் தேய்த்துவிட்டேன், நெஞ்சுப் பக்கம் ஒரு சொட்டு இறங்காமல் துண்டு கட்டிக்கொண்டு. காயத்தின் பொருக்கு முழுதாக உதிர்ந்து தோல் மூடும்வரை அங்கே எண்ணெயோ மஞ்சளோ விபூதியோ வைக்கக் கூடாது. குளியலறையில் எண்ணெய்க் கால் வழுக்கினால் அனிச்சையாகக் கையை ஊன்றிவிடுவோம், அது நேராக நெஞ்செலும்பில் போய் இறங்கும். அதனால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தே குளிப்பாட்டினேன்.

ஏப்ரல் 21
பெண்களுக்காகத் தனியாக. இதை ஆஸ்பத்திரியில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

மார்பின் கனம் இரண்டு பக்கமும் காயத்தை இழுக்கும். அம்மாவுக்குக் காயத்தின் கீழ் நுனி ஆறவே லேட்டானது. முதுகு வலியிலும் பாதி அந்த இழுவையால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி இல்லாத, அகலமான தோள்பட்டை உள்ள பருத்தி பிராவை ராத்திரியிலும் போட்டுக்கொள்ளச் சொன்னார் பிசியோ பெண். தி. நகரில் தேடி வாங்கினேன். பின்பக்கக் கொக்கியைப் போடக் கையைப் பின்னால் திருப்புவதே அந்த வாரங்களில் ஆகாத காரியம். பிராவை மாற்றிய பிறகு முதுகு நீவுவதற்கே வேலை குறைந்தது.

நெஞ்சு பெல்ட் கொடுத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அதற்கு அடியில் வேர்க்குரு கிளம்பும். காயத்துக்குப் பக்கத்தில் பவுடர் கொட்ட வேண்டாம். பெல்ட்டுக்கு அடியில் மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, நனைந்தால் மாற்றுங்கள். பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கினால் பந்துக் கருவியில் உழைத்ததெல்லாம் வீண்.

ஏப்ரல் 22
கேள்வி கேட்ட வில்லிவாக்கம் தம்பி எழுதியிருக்கிறார்: 'அப்பா முதுகைக் காட்ட மாட்டேங்கிறார், காலை மட்டும் பிடிச்சு விடச் சொல்றார்.' அப்பாக்கள் அப்படித்தான். கையிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கை, விரல்கள், மணிக்கட்டு, முன்கை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். கொஞ்ச நாளில் தோளைத் தானாகவே திருப்புவார்.

காலைப் பற்றி முக்கியமானது. பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் காலை நீவக் கூடாது. அங்கே மரத்துப்போயிருக்கும், வீக்கமும் இருக்கும். வீக்கத்துக்கு வழி உட்காரும்போது காலைத் தூக்கி வைப்பது, டாக்டர் சொன்னால் சாக்ஸ், நடை. எந்தக் காலாக இருந்தாலும் சரி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் கையே வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே ரத்தக் கட்டி இருந்து, நீவி அது கிளம்பினால் நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஏப்ரல் 26
மாலில் இருக்கிற மசாஜ் நாற்காலி: வேண்டாம். அதிர்வு தருகிற மசாஜ் கன்: வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அந்தப் பக்கத் தோளில் எதுவுமே வேண்டாம், கரண்ட் வைக்கிற பிசியோ கருவியைப் பற்றியும் முதலில் இதய டாக்டரிடம் கேளுங்கள்.

வெந்நீர்ப் பை: முதுகில், துண்டு சுற்றி, மிதமான சூடு என்றால் சரி. இடது நெஞ்சில் வேண்டவே வேண்டாம். பைபாஸில் பெரும்பாலும் இடது நெஞ்சுச் சுவருக்குள் ஓடுகிற ரத்தக்குழாயை எடுத்து இதயத்தோடு இணைப்பார்கள். அதன் பக்கத்தில் உள்ள சின்ன நரம்புகள் அடிபடும். அந்தப் பக்கம் மரத்து, எறும்பு ஊர்கிற உணர்வோ எரிச்சலோ மாதக்கணக்கில் இருக்கலாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து.

மே 3
நுரையீரல் ஆபரேஷன் ஆன தம்பியைப் பற்றி ஒரு அக்கா எழுதியிருக்கிறார். டிபிக்குப் பிறகு சீழ் கட்டி, விலா இடுக்கில் வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். நாலு மாதமாகியும் சட்டை உரசினாலே எரிகிறதாம். மசாஜ் செய்தால் அலறுகிறாராம்.

அக்கா, நான் மேலே எழுதியது அவருக்குப் பொருந்தாது. அவருடையது தசை வலி இல்லை, நரம்பு வலி. ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. விலாக்களை விரித்துச் செய்கிற ஆபரேஷனில் அது நசுங்கலாம், அறுபடலாம். இரண்டு மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்பது இந்த ஆபரேஷனில் அபூர்வம் இல்லை. நீவ நீவக் கூடத்தான் செய்யும். பாராசிட்டமாலும் அவ்வளவாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்று ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்துகள் உண்டு, டாக்டர்தான் எழுத வேண்டும். வலி மருத்துவப் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது, அங்கே கேளுங்கள். வீட்டில் செய்யக் கூடியது தோலைப் பழக்குவது: பஞ்சால் தொடுவது, பிறகு பழைய பருத்தி வேட்டித் துணி, அப்புறம் டர்க்கித் துண்டு. ஒவ்வொன்றும் சில நிமிடம், எரிச்சல் தாங்குகிற அளவுக்கு மட்டும்.

அந்தப் பக்கத் தோள் இறுகிப்போயிருந்தால் அது வேறு விஷயம். பக்கவாட்டு வெட்டில் முதுகின் பெரிய தசையையே அறுத்திருக்கலாம், வலிக்குப் பயந்து கையைத் தூக்காமல் இருந்தால் தோள் உறைந்துவிடும். அதற்கு மசாஜைவிடக் கைப் பயிற்சி முக்கியம்.

மே 19
தழும்பைப் பற்றிப் பலர் கேட்டாயிற்று. அம்மாவுக்கு இரண்டு மாதம் தாண்டி, ரிவ்யூவில் சர்ஜன் 'எலும்பு சேர்ந்துவிட்டது, காயம் முழுக்க மூடிவிட்டது' என்று சொன்ன பிறகுதான் தழும்பில் கை வைத்தோம். விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, தழும்பின் மேல் சின்னச் சின்ன வட்டம், பிறகு மேலும் கீழும், பக்கவாட்டில். தோல் அடியில் ஒட்டாமல் நகர வேண்டும், அவ்வளவுதான். அம்மா அவராகவே செய்துகொள்வார், கண்ணாடி முன்னால் நின்று. முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கவே மாட்டேன் என்றவர்.

நெஞ்சின் நடுப்பகுதியும் நம் தோல் நிறமும் தடித்த தழும்பு வருவதற்குத் தோதானவை. தழும்பு புடைத்துக்கொண்டு, அரித்து, வெட்டின கோட்டுக்கு வெளியேயும் பரவினால் தேய்த்துக்கொண்டே இருக்காமல் தோல் டாக்டரிடம் போங்கள். சிலிக்கான் ஜெல், ஊசி என்று வழிகள் இருக்கின்றன.

திரும்பும்போதோ இருமும்போதோ நெஞ்சுக்குள் 'களுக்' என்று சத்தம் கேட்டால், எலும்பு அசைகிற உணர்வு இருந்தால், காயத்தில் கசிவு, காய்ச்சல், திடீர் மூச்சு முட்டல், ஆபரேஷனுக்கு முன் வந்த அதே நெஞ்சு வலி என்றால், எண்ணெய்ப் பாட்டிலை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. முதுகு வலி என்று நாம் நினைப்பது எல்லா நேரமும் முதுகு வலியாக இருக்காது.

மே 20
மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கும் இதே முறையா என்று ஒரு சகோதரி. இல்லை. அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். அந்தக் கையை அழுத்தி நீவக் கூடாது. நிணநீரை வடியவைக்கிற தனி முறை ஒன்று உண்டு. தோலை மட்டும் நகர்த்துகிற, மிக லேசான கை அது. பயிற்சி பெற்றவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி இடத்தில் சிகிச்சை என்றால் அங்கேயே மறுவாழ்வுப் பிரிவில் கேளுங்கள், வெளியே தேட வேண்டாம். இந்த நோயில் எனக்கு வீட்டு அனுபவம் கிடையாது, அதனால் இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 7
வில்லிவாக்கம் தம்பி எழுதியிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லிக்கொடுத்தபடி அம்மாதான் தினமும் தோளை நீவி விடுகிறாராம், அப்பா ராத்திரி நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாராம். மனசு நிறைந்தது.

அவருடைய புதுக் கேள்வி: அண்ணா நகர் டவர் பார்க்குக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போகலாமா? பின்னால் உட்கார்ந்து வருவதானாலும் மூன்று மாதம் முடியட்டும், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. வேகத்தடையில் ஒரு குலுங்கு குலுங்கினால் கை தானாகக் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஷேர் ஆட்டோவும் வேண்டாம். காரில், பின் சீட்டில், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்துப் போங்கள். இல்லாவிட்டால் தெருவிலேயே வெயில் தாழ்ந்த பிறகு நடக்கட்டும், கையை இயல்பாக வீசிக்கொண்டு. கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தால் தோள் மறுபடியும் காதுக்கு ஏறிவிடும். சுளுக்கு எடுக்கிற பெரியவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தால், அடுத்த ரிவ்யூவில் எலும்பு கூடியதை உறுதி செய்த பிறகு, அப்பா சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டை அவரிடம் காட்டி, உட்கார வைத்து லேசாகச் செய்ய ஒப்புக்கொண்டால் மட்டும் வரச் சொல்லுங்கள்.